செஞ்சி: பழைய தலைநகர் ஒன்றைக் காணத் திட்டமிடுதல்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் இருபுறமும் எழுந்து நிற்கும் செஞ்சி மலைகளைப் பெரும்பாலோர் பேருந்துச் சன்னல் வழியாகவே பார்த்திருக்கின்றனர். அண்ணாமலையார் தரிசனத்துக்குப் போகிற வழியில் ஒரு மணி நேரம் இறங்கி, கோட்டை மதிலின் முன் படம் எடுத்துக்கொண்டு புறப்படுவதற்குரிய இடம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. செஞ்சிப் பயணங்கள் பல அரைகுறையாக முடிவதற்கு இந்த எண்ணமே முதற்காரணம். செஞ்சி வெறும் காவற்கோட்டை அன்று. விஜயநகர ஆட்சியின் கீழ் எழுந்த செஞ்சி நாயக்கர்களுக்கு 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பீஜப்பூர்ப் படைகள் வந்து கைப்பற்றும்வரை அது தலைநகராக இருந்தது. 1689இல் மராத்தியத் தலைநகரான இராய்கட் முகலாயர் வசமான பிறகு, சிவாஜியின் இளைய மகன் இராஜாராம் தெற்கே தப்பி வந்து தங்கியதால், ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் மராத்திய அரசு முழுமைக்கும் அதுவே தலைநகரானது. ஆகவே செஞ்சிக்கான பயணத்தை ஒரு கோட்டைக்குப் போவதாகக் கருதாமல், அரண்மனை, களஞ்சியம், கோயில், பள்ளிவாசல், குளம், கடைவீதி அனைத்தும் இருந்த ஒரு தலைநகரைக் காணப் போவதாகக் கருதித் திட்டமிடுவதே பொருத்தம் என்பது இவ்வியலின் நிலைப்பாடு.

இது மிகைக் கூற்று அன்று. 1590களின் இறுதியில் கிருஷ்ணப்ப நாயக்கரின் ஆட்சிக்காலத்தில் இங்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் பிமெந்தா, இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்றாகச் செஞ்சியைக் குறித்ததுடன், போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர வேறெந்த நகரமும் இதற்கு ஈடாகாது என்ற பொருள்படவும் எழுதிவைத்தார். அவர் கண்ட நகரத்தின் வீடுகளும் அங்காடிகளும் இன்று இல்லை. அவை இருந்த நிலம் வயலாகவும் முட்புதராகவும் மாறிவிட்டது, இன்றைய செஞ்சி ஊரோ கோட்டைக்குக் கிழக்கே தள்ளி அமைந்துள்ளது. ஸ்டாக்ஹோம், கோபன்ஹேகன் போன்ற ஸ்காண்டிநேவியத் தலைநகரங்களில் மன்னர் மாளிகையைச் சுற்றி நகர வாழ்க்கை இன்றளவும் இயங்குவதால், அங்கே செல்லும் பயணிக்கு நகரமே வழிகாட்டிவிடுகிறது. செஞ்சியில் மிஞ்சியிருப்பது அரசன் இருந்த பகுதி மட்டுமே என்பதால், எது எதற்கு இருந்தது என்பதை முன்கூட்டியே அறிந்து செல்லாதவருக்கு அது கற்குவியலாகத் தோன்றிவிடக்கூடும்.

நாளும் பொழுதும்

வட ஐரோப்பியத் தலைநகர்களுக்குத் திட்டமிடுவோர் முதலில் பகல்நேரத்தின் நீளத்தைக் கணக்கிடுவர். ஸ்டாக்ஹோமில் ஜூன் மாதத்தில் ஏறத்தாழ பதினெட்டரை மணி நேரமும் டிசம்பரில் ஆறு மணி நேரமுமே பகல் என்பதால் அக்கணக்கு அங்கு இன்றியமையாதது. செஞ்சியில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாது. இங்கே கணக்கிட வேண்டியது வெயிலை. மலை முழுவதும் மரநிழல் குறைந்த கருங்கற்பாறை ஆகையால், மார்ச் பிற்பாதி முதல் ஜூன் முடியும்வரை காலை பத்து மணிக்கே படிகள் சுடத் தொடங்கிவிடும். அக்டோபர் இறுதி முதல் டிசம்பர் தொடக்கம்வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது பாறைகள் பாசி படிந்து வழுக்கும். டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரி முடியும்வரை உள்ள காலமே மலையேறுவதற்கு உகந்தது. ஆடி, ஆவணி மாதங்களில் செல்ல நேர்வோர் மலையேற்றத்தைக் கைவிட்டுக் கீழ்க்கோட்டையோடு நிறுத்திக்கொள்வதில் இழப்பு அதிகமில்லை.

வெயிலை அடுத்துப் பார்க்க வேண்டியது பஞ்சாங்கம். பயண நூல்கள் பல இதைக் குறிப்பிடுவதில்லை. பௌர்ணமி நாள்களில் திருவண்ணாமலைக் கிரிவலத்துக்குச் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் செல்லும் கூட்டத்தில் பெரும்பகுதி திண்டிவனம்–செஞ்சி சாலை வழியாகவே போகிறது. அமாவாசை நாள்களில் செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் நள்ளிரவு ஊஞ்சல் உற்சவத்துக்குச் செல்வோர் செஞ்சிப் பேருந்து நிலையத்தை நிரப்பிவிடுகின்றனர். சிறப்புப் பேருந்துகள் விடப்பட்டாலும் அந்நாள்களில் செஞ்சியில் இறங்கவேண்டிய பயணிக்கு உட்கார இடம் கிடைப்பது அரிது. திருவண்ணாமலைக்கு முழுக் கட்டணம் கொடுப்போரையே நடத்துநர் முதலில் ஏற்றுவதும் உண்டு. எனவே அமாவாசை, பௌர்ணமி, அவற்றுக்கு முந்தைய நாள், கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாள்கள், மேல்மலையனூர் மாசித் திருவிழாக்காலம் ஆகியவற்றைத் தவிர்ப்பது நன்று. காணும் பொங்கலன்று சுற்றுவட்டார ஊர்களின் குடும்பங்கள் கட்டுச்சோற்றுடன் கோட்டைக்கு வருவது வழக்கம் என்பதால், அமைதியாகப் பார்க்க விரும்புவோருக்கு அந்நாள் ஏற்றதன்று. மக்கள் கூடிக் களிக்கும் காட்சியைப் பார்க்க விரும்புவோருக்கு அதைவிடச் சிறந்த நாள் இல்லை.

விழுப்புரமா, திண்டிவனமா

செஞ்சிக்கு ரயில் நிலையம் இல்லை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் புதிய பாதை அமைக்கும் திட்டம் நெடுநாளாகப் பேசப்பட்டு வருகிறதே தவிர, பயணிக்கு அதனால் இதுவரை பயன் இல்லை. ஆகவே ரயிலில் வருவோர் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இறங்கிப் பேருந்து ஏறவேண்டும். திண்டிவனத்திலிருந்து செஞ்சி மேற்கே 28 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். முன்னதற்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரமும் பின்னதற்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவும் பிடிக்கும்.

சென்னையிலிருந்து வருவோருக்குத் திண்டிவனமே வசதி. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் புறப்படும் பேருந்துகளுள் பல திண்டிவனம், செஞ்சி வழியாகவே செல்வதால் மாறி ஏறவேண்டிய தேவையும் இராது. தாம்பரம்–விழுப்புரம் மின்தொடர் ரயிலில் வந்து திண்டிவனத்தில் இறங்குவதும் செலவு குறைந்த வழி. விரைவு ரயில்கள் பல திண்டிவனத்தில் நிற்பதில்லை என்பதை முன்பதிவின்போது கவனிக்க வேண்டும். திருச்சி, மதுரை போன்ற தென்மாவட்டங்களிலிருந்து நெடுந்தூரப் பேருந்தில் வருவோர் அறிய வேண்டிய ஒன்று உண்டு: அப்பேருந்துகளுள் பல திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குள் செல்லாமல் மேம்பாலத்தின் அருகே இறக்கிவிட்டுப் போய்விடும்; நள்ளிரவுக்குப் பின் அங்கே இறங்கிச் செஞ்சிப் பேருந்துக்குக் காத்திருப்பது, குழந்தைகளுடன் வருவோருக்கு, சிரமம். அத்தகையோருக்கு விழுப்புரம் நல்லது. சென்னை, திருச்சி, கடலூர்–மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை–காட்பாடி என ஐந்து திசைப் பாதைகள் கூடும் சந்திப்பாதலால் எந்த நேரத்திலும் ஆள்நடமாட்டமும் தேநீரும் உண்டு; தங்கும் விடுதிகளும் செஞ்சியைவிட அதிகம். விழுப்புரத்திலிருந்து ரயிலில் திருவண்ணாமலை சென்று, அங்கிருந்து கிழக்கே பேருந்தில் செஞ்சிக்குத் திரும்பலாமே எனத் தோன்றக்கூடும். அது சுற்றுவழி, பொழுதும் வீண்.

இரண்டு நாள் ஒதுக்கக்கூடியவர்கள் தங்குமிடத்தை ரயிலைக்கொண்டு முடிவுசெய்யாமல், இரண்டாம் நாளில் எதைக் காண விரும்புகின்றனர் என்பதைக்கொண்டு முடிவுசெய்யலாம். பல்லவர்களின் பாறைக் கோயில்களைக் காண விரும்புவோர் விழுப்புரத்திலும், சமணத் தலங்களையும் கல்மரங்களையும் காண விரும்புவோர் திண்டிவனத்திலும் தங்குவது பொருந்தும். அவ்விடங்களைப் பற்றிய விவரம் இவ்வியலின் பிற்பகுதியில் உள்ளது.

மூன்று மலைகளின் அமைப்பு

செஞ்சிப் பேருந்து நிலையத்திலிருந்து கோட்டை மேற்கே இரண்டு கிலோமீட்டர் அளவில் உள்ளது. ஆட்டோவில் செல்லலாம், அல்லது திருவண்ணாமலைப் பேருந்தில் வருவோர் நடத்துநரிடம் சொல்லிக் கோட்டை அருகிலேயே இறங்கிக்கொள்ளலாம். சாலைக்கு வடக்கே கிருஷ்ணகிரி, மேற்கே உயர்ந்து நிற்பது ராஜகிரி, தென்கிழக்கே சந்திரயான் துருக்கம். துருக்கம் என்பது எளிதில் அணுக முடியாத அரண், குறிப்பாக மலையரண். முக்கோண வடிவில் அமைந்த இம்மூன்று மலைகளையும் இணைத்து ஓடும் மதில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுடையது. அது வளைத்துள்ள பரப்பு 11 சதுரக் கிலோமீட்டர். இவற்றுள் ராஜகிரி 240 மீட்டர் உயரம் கொண்டது. அரசனின் இறுதிப் புகலிடம் அதன் உச்சியில் இருந்தது. எதிரி வெளிமதிலைக் கடந்தாலும் உள்மதில், அதைக் கடந்தாலும் மலைச்சரிவில் அடுத்தடுத்த வாயில்கள், அவற்றையும் கடந்தால் உச்சிக்குச் சற்றுக் கீழே பாறையைப் பிளந்து நிற்கும் ஆழமான இடைவெளி என்று தடைமேல் தடையாக இதன் பாதுகாப்பு அமைந்துள்ளது.

இத்தகைய அமைப்பினால்தான் 1690இல் முற்றுகையைத் தொடங்கிய அவுரங்கசீபின் தளபதி சுல்ஃபிகர் கானால் 1698இல்தான் கோட்டையைக் கைப்பற்ற முடிந்தது. அதற்குள் இராஜாராம் தப்பி மகாராட்டிரம் சென்று சேர்ந்துவிட்டார். அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவுத் தாக்குதலில் பிடித்தார் என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. 1761 ஏப்ரலில், புதுச்சேரி வீழ்ந்த சில மாதங்களுக்குள், ஆங்கிலேயர் இதைக் கைக்கொண்டனர். 1780இல் சிறிது காலம் ஹைதர் அலியின் வசம் இருந்தது. பின்னர் இராணுவ மதிப்பு இழந்து பாழடைந்து, 1921இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2025 ஜூலையில் மராத்திய இராணுவ நிலவமைப்புகள் என்ற தொகுப்பின்கீழ் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில் இருக்க, வெளியே இருந்த ஒரே கோட்டை செஞ்சி.

ஒரு நாளைப் பகிர்ந்துகொள்ளும் முறை

இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இக்கோட்டை காலை எட்டு மணியை ஒட்டித் திறந்து மாலை ஐந்து மணிக்குள் அடைக்கப்படுகிறது. நுழைவுக் கட்டணம் இந்தியருக்கு 25 ரூபாய், 15 வயதுக்கு உட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. ராஜகிரிப் பகுதியில் வாங்கும் சீட்டை எதிர்ப்புறம் உள்ள கிருஷ்ணகிரி வாயிலிலும் காட்டலாம் என்பதால் அதைத் தொலைத்துவிடக் கூடாது. பிற்பகல் ஆனதும் ராஜகிரி அடிவாரத்தில் உள்ள காவலர்கள் மேலே செல்ல முயல்வோரைத் தடுத்துவிடுவது வழக்கம். இருட்டுவதற்குள் அனைவரும் இறங்கிவிட வேண்டும் என்பதே காரணம். எனவே ‘முதலில் கீழே பார்ப்போம், வெயில் தாழ்ந்ததும் ஏறலாம்’ என்ற திட்டம் இங்கே செல்லாது. திறந்தவுடன் நுழைந்து, கீழே உள்ள எதையும் நின்று பார்க்காமல் நேரே ராஜகிரியை நோக்கி நடந்து, வெயில் ஏறுமுன் உச்சியை அடைந்து, பதினொரு மணியளவில் இறங்கி, உச்சிப்பொழுதைக் கீழ்க்கோட்டைக் கட்டடங்களின் நிழலில் கழிப்பதே நடைமுறைக்கு உகந்த ஒழுங்கு.

பழக்கமுள்ளவர் ராஜகிரியில் ஏற ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். நின்று நின்று ஏறுவோர்க்கு இரண்டு மணி நேரம் தேவை. தொடக்கத்தில் படிகள் அகலமாகவும் தாழ்வாகவும் இருப்பதைக் கண்டு வேகமாக ஏறிவிடுவோர் பாதிவழியில் களைத்துப்போகின்றனர். வழியில் உள்ள கமலக்கண்ணியம்மன் கோயில் வாழும் வழிபாட்டிடம். நாயக்கரும் பீஜப்பூராரும் மராத்தியரும் முகலாயரும் பிரெஞ்சுக்காரரும் போனபின்னும் சுற்றுவட்டார மக்களுக்கு இம்மலை இன்றும் அந்த அம்மனின் மலைதான். இளைப்பாறுவதற்கு அதுவே சரியான இடம். அதற்குமேல் பாதை செங்குத்தாகிறது.

உச்சிக்குச் சற்று முன்பு, மலையின் முடியைத் தனியே பிரித்து நிற்கும் பிளவு எதிர்ப்படும். ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உடைய அதன்மீது ஒரு பாலம் போடப்பட்டுள்ளது. முற்காலத்தில் இங்கே இருந்த மரப்பாலத்தை உள்ளே இழுத்துக்கொண்டால் மேலே இருப்போரை எட்ட வேறு வழி இல்லை. பாலத்தின் நடுவே நின்று கீழே பார்த்தால் இருபுறமும் உளிபடாத பாறை நேராக இறங்குவதும், எதிரே ஒருவர் பின் ஒருவராகவே நுழையக்கூடிய வாயில் நிற்பதும் தெரியும். செஞ்சி ஏன் எட்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது என்பதைப் புத்தகங்களைவிட இந்த ஓரிடம் தெளிவாக விளக்கிவிடுகிறது. அதைக் கடந்தால் அரங்கநாதர் கோயில், களஞ்சியம், கருவூலம் எனப்படும் கட்டடம், மணிக்கூண்டு, ஒரு பீரங்கி ஆகியன உள்ளன. தெளிந்த நாளில் கிழக்கே திண்டிவனம் நோக்கிச் செல்லும் சாலை முழுவதும் வயல்களுக்கிடையே தெரியும். கோட்டைக்காவலர்கள் எவ்வளவு தொலைவிலேயே படையைக் கண்டிருப்பர் என்பதை இங்கிருந்து ஊகிக்கலாம்.

கீழ்க்கோட்டையில் முதலிடம் கல்யாண மகாலுக்கு உரியது. நடுவில் குளமும் சுற்றிலும் அறைகளும் கொண்ட சதுர முற்றத்தில், அடுக்கடுக்காக எழும்பி, கூம்பிய கூரையுடன் முடியும் கோபுரம் இது. ஒவ்வொரு தளத்திலும் ஒரே ஒரு சிறிய அறையும் அதைச் சுற்றி வளைவுகளுடைய தாழ்வாரமும் உள்ளன. அரசகுல மகளிர் தங்கிய இடம் என்பர். தொலைவிலிருந்த நீர்நிலையிலிருந்து மண்குழாய்கள் வழியாக மேல்தளங்களுக்குத் தண்ணீர் ஏற்றப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. இக்கட்டடத்தில் வளைவும் சுதையும் இஸ்லாமியக் கட்டடக்கலையை ஒத்திருக்க, மேற்கூரை கோயில் விமானத்தின் சாயலைக் கொண்டுள்ளது. நாயக்கர் காலக் கட்டடங்களில் இவ்விரு மரபும் கலந்து நிற்பதைக் காண மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்கு அடுத்தபடியாகச் செஞ்சியே தக்க இடம். அருகில் உள்ள குதிரைலாயம் எனப்படும் வளைவு வரிசைகள், அரச மஞ்சம் என்று காட்டப்படும் பெருங்கல், உடற்பயிற்சிக்கூடம், ஆனைக்குளம் ஆகியவற்றை விரைந்து பார்த்துவிடலாம். ஆனால் களஞ்சியத்துக்குள் நுழைந்து, குளிர்ச்சியும் இருளும் சூழ்ந்த அதன் வளைகூரைக்குக் கீழே சிறிது நேரம் நிற்பது நன்று. கோட்டையைக் காத்தது மதிலைவிட நெல்லே என்பதை அங்கே உணரலாம்.

வேங்கடரமணர் கோயில் இக்கோட்டையிலுள்ள கோயில்களுள் மிகப் பெரியது. 16ஆம் நூற்றாண்டில் முத்தியாலு நாயக்கரால் கட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது. அதன் கோபுர வாயிலின் உட்சுவர்களில் இராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடைந்த கதையும் செதுக்கப்பட்டுள்ளன. மண்டபங்களில் தூண்கள் குறைவாக இருப்பது பயணிக்கு வியப்பளிக்கலாம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கிருந்து பெயர்த்துச் செல்லப்பட்ட கருங்கல் தூண்கள் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து இன்றும் நிற்கின்றன. புதுச்சேரியையும் சேர்த்துத் திட்டமிடுவோர் செஞ்சியை முதலில் பார்த்துவிட்டு அங்கே சென்றால் அத்தூண்கள் வெறும் அலங்காரமாகத் தோன்றா. உள்கோட்டையிலுள்ள சாதத்துல்லா கான் பள்ளிவாசல் 1717–18இல் கட்டப்பட்டது; அதன் பாரசீகக் கல்வெட்டுகளையும் காணலாம்.

அப்பள்ளிவாசலோடு தொடர்புடையது தேசிங்குராஜன் கதை. செஞ்சியின் எந்த மூலையிலும் பயணி இக்கதையைக் கேட்காமல் திரும்ப முடியாது. கோட்டை முழுவதையும் தேசிங்கே கட்டினான் என்று சொல்வோரும் உண்டு. தேசிங்கு எனப்பட்ட தேஜ் சிங் என்னும் பந்தேல ராஜபுத்திர இளைஞர் தம் தந்தை சொரூப் சிங்கின் மறைவுக்குப் பின் 1714இல் ஆட்சிக்கு வந்து, கப்பம் கட்ட மறுத்து, ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து, தம் நண்பர் மகபத் கானுடன் அதே ஆண்டு அக்டோபரில் போர்க்களத்தில் வீழ்ந்தார். அவர் ஆண்டது ஓராண்டுகூட இல்லை. கோட்டையின் பெரும்பகுதி அவருக்கு நூறாண்டுகளுக்கு முன்பே எழுந்துவிட்டது. ஆயினும் தமிழ்நாட்டுக் கூத்துமேடைகளிலும் கதைப்பாடல்களிலும் நிலைத்த பெயர், இக்கோட்டையைக் கட்டிய எவருடையதும் அன்று, அதைத் தோற்ற இந்த இளைஞருடையதுதான். செட்டிக்குளத்தின் கரையில் அவர் உடலுக்கு எரியூட்டப்பட்டபோது அவர் மனைவியும் உடன்கட்டை ஏறினார் என்பதும், அப்பெண்ணின் நினைவாகவே இராணிப்பேட்டை பெயர் பெற்றது என்பதும் வழிவழிச் செய்திகள்.

மாலையில் எஞ்சிய நேரத்தில் கிருஷ்ணகிரியையும் ஏறிவிட வேண்டும் என்ற ஆசை பலருக்கு எழும். ராஜகிரியைவிட உயரம் குறைந்த இம்மலையின் உச்சியில் களஞ்சியங்களும், எண்ணெய்க் கிணறு என்று சொல்லப்படும் தொட்டிகளும், குவிமாடத்துடன் நாற்புறமும் காற்று வரும் கொலு மண்டபமும் உள்ளன. எனினும் ஒரே நாளில் இரண்டு மலை என்பது இளைஞருக்கே பொருந்தும். முழங்கால் வலி உடையோரும் முதியோரும் ராஜகிரியை விட்டுவிட்டுக் காலையில் கிருஷ்ணகிரியை மட்டும் ஏறி, பின்னர் கீழ்க்கோட்டையைப் பார்த்தால் குறையொன்றுமில்லை. சந்திரயான் துருக்கத்துக்குச் சீரான பாதை இல்லாததால் அது பொதுப் பயணிக்கு உரியதன்று.

எடுத்துச் செல்ல வேண்டியவை சிலவே. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். மலைமேல் கடை எதுவும் இல்லை. வழவழப்பான அடிப்புறம் உடைய செருப்பைவிட ரப்பர் அடி கொண்ட காலணி நல்லது. உணவுப்பொருளைக் கையில் பிடித்த பையில் வைத்திருந்தால் குரங்குகள் பறித்துக்கொள்ளும் என்பதால் முதுகுப்பைக்குள் வைத்து மூடிவிட வேண்டும். பிளாஸ்டிக் பை சலசலத்தாலே அவை வந்துவிடும். காலைச் சிற்றுண்டியைச் செஞ்சி ஊரிலேயே முடித்துக்கொண்டு, மதிய உணவுக்கும் ஊருக்கே திரும்புவது வசதி. பாறைக்குளங்களில் ஆழம் தெரியாது, அவற்றில் இறங்கலாகாது.

இரண்டாம் நாள்

விழுப்புரத்தில் தங்குவோர் செஞ்சி சாலையிலேயே, ஏறத்தாழ பாதி வழியில் பிரிந்து மண்டகப்பட்டைக் காணலாம். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் செய்வித்த குடைவரை, அதாவது பாறையை உட்புறமாகக் குடைந்து ஆக்கிய கோயில், இங்கு உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இன்றிப் பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் இதை அமைத்ததாக அம்மன்னன் வடமொழிக் கல்வெட்டில் பதிந்துள்ளான். சிற்பங்கள் மிகக் குறைவு. வாயிலின் இருபுறமும் நிற்கும் காவலர் உருவங்களைத் தவிர அலங்காரமே இல்லை எனலாம். இதனாலேயே ஏமாற்றமடைந்து திரும்புவோர் உண்டு. தமிழகத்தின் கற்கோயில் வரலாற்றைப் படிப்போர் இதிலிருந்தே தொடங்குகின்றனர் என்பதை நினைவில் கொண்டு பார்த்தால் அதன் எளிமையே சிறப்பாகத் தோன்றும். அருகிலுள்ள தளவானூரில் அதே மன்னனின் சத்ருமல்லேசுவராலயம் முகப்பில் தோரண வேலைப்பாட்டுடன் விளங்குகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நன்று. அனந்தபுரத்தை அடுத்த பனமலையில் இராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில், சிவனின் ஆடலைக் குடைநிழலில் நின்று காணும் தேவியின் ஓவியம் சிதைந்தும் அழகு குன்றாமல் எஞ்சியுள்ளது. இம்மூன்றுக்கும் நகரப் பேருந்தை நம்புவது பொழுதைத் தின்றுவிடும்; விழுப்புரத்திலிருந்து வாடகைக் கார் பேசிக்கொள்வதே முறை.

திண்டிவனத்தில் தங்குவோருக்கு மேல்சித்தாமூர் முதன்மையானது. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இங்கு உள்ளது. பார்சுவநாதர் கோயிலின் கோபுரத்தைத் தொலைவிலிருந்து பார்ப்போர் சைவ, வைணவக் கோயில் என்றே கருதுவர். செஞ்சிக்கு வடக்கே உள்ள திருநாதர்குன்றில் ஒரே பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள, உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்த சமணத் துறவியின் நினைவிடமான நிசீதிகை ஒன்றின் கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் நோன்பிருந்ததைக் குறிக்கிறது. அக்குன்றுக்கு அண்மையில் சிங்கவரம் குன்றின்மேல் பள்ளிகொண்ட அரங்கநாதர் பாறையிலேயே வடிக்கப்பட்டுள்ளார். கோயில் காலையிலும் மாலையிலும் மட்டுமே திறந்திருப்பதால் நண்பகலில் போவது பயனற்றது. செஞ்சிக்குத் தென்கிழக்கே மயிலம் முருகன் கோயிலையும், இரண்டு கோடி ஆண்டுப் பழமையுடைய கல்மரங்கள் கிடக்கும் திருவக்கரையையும் ஒரே சுற்றில் பார்க்கலாம். கல்மரம் என்பது மண்ணில் புதையுண்ட மரம் நீண்ட காலத்தில் கனிமங்கள் ஊடுருவிக் கல்லாகியது. அதன் துண்டைச் சிறிதளவும் எடுத்துவருவது குற்றம்.

திரும்பும் வழியைப் பற்றி ஒரு குறிப்பு மட்டும் எஞ்சுகிறது. ஞாயிறு மாலைகளில் திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்குச் செல்லும் பேருந்துகள் செஞ்சிக்கு வரும்போதே நிரம்பியிருக்கும். அவற்றுக்காகக் காத்திருக்காமல், செஞ்சியிலேயே புறப்படும் பேருந்தில் திண்டிவனம் சென்று, அங்கிருந்து சென்னைக்கோ விழுப்புரத்துக்கோ மாறி ஏறுவதே விரைவான வழி.